வரவுப் பத்தி

ஏப் கனி வந்த காரைத் தேரி மணல்
பாதி விழுங்கி வைத்திருந்தது.
பேரின்பவிளைக்கு யார் வந்தாலும்
முதலில் சக்கரத்தைப் பிடித்துத்தான் விசாரிக்கும்.

பிறந்தது கான்சாஸ்.
எங்கள் ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர் இல்லை.
அப்பா பொன்னுத்துரை தவசிக்கனி இருக்கிறார்,
பக்கம் நாற்பத்தொன்று, மை கசிந்த வரி.

இரண்டு தடவை மாநில செனட்டர்.
அதற்கு முன் பள்ளி வாரியம்,
அதற்கும் முன் டிராக்டர் உதிரிபாகக் கடை.
கூட வந்த பையன் போனில் காட்டினான்:
கோதுமை வயல், சிவப்பு டை,
வரியைக் குறை, வேலியை உயர்த்து,
பள்ளிப் பிள்ளைகளின் கோடை விடுமுறைச் சாப்பாட்டுக்கு
'கூடாது' என்று தூக்கிய கை.
அதே கை எனக்கு முன்னால்
வணக்கமா குலுக்கலா என்று தெரியாமல்
பாதியில் நின்றது.

நல்ல மனுஷன்தான், குறை சொல்ல மாட்டேன்.
சூதாட்ட விடுதி வேண்டாமென்று
சொந்தக் கட்சியோடு முட்டி
ஒரு தேர்தல் தோற்றவராம்.
ஜெபத்தில் கண்ணை நிஜமாகவே மூடினார்.
எங்கள் சேகரக் கமிட்டியில்
அப்படி எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும்.

நவம்பரில் வாஷிங்டனுக்கு நிற்கிறார்.
அப்பா பற்றி ஒரு பழைய காகிதம் வேண்டும்.
மேடையில் எப்போதும் சொல்வதைப்
பையன் தமிழில் சொன்னான்:
"என் அப்பா ஒரே ஒரு பெட்டியோடு வந்தார்.
யாரிடமும் எதுவும் கேட்கவில்லை."

மூன்றாவது பீரோ, கீழ்த்தட்டு.
கல்வி உதவிப் பேரேடு, 1971.
பற்று: பொன்னுத்துரை த., அமெரிக்கப் பயணம், 4,200.
வந்த வழி:
பெண்கள் சங்கம் பிடியரிசி விற்றது 1,310.
கருப்பட்டி 864.
ஆராதனை முடிந்து ஏலம் போன
கோழி, முட்டை, ஒரு பலாப்பழம், 226.
மீதி சேகர இருப்பிலிருந்து.
வரவு:
ஐம்பத்து மூன்று வருஷ வெள்ளை.

அவருக்குத் தமிழ் வாசிக்க வராது.
விரலை வைத்து, இது என்ன என்றார்.
அப்பா பெயர் என்று சொல்லி மூடியிருக்கலாம்.
இருபத்தாறு வருஷம் கணக்கெழுதியவளுக்கு
அது வாயில் வரவில்லை.
பிடியரிசிக்கு
பையனிடம் வார்த்தை இல்லை.
கையைக் குவித்துக் காட்டினேன்:
தினமும் உலையில் போடுமுன்
இவ்வளவு எடுத்து, வேறு பானையில்.

என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
கரண்ட் போய் வந்தது.
பிறகு செக் புத்தகத்தை எடுத்தார்.
வட்டியோடு எவ்வளவு?

வாங்க முடியாது என்றேன்.
வெளிநாட்டுப் பணம்;
எங்கள் அனுமதி புதுப்பிக்காமல்
டெல்லியில் கிடக்கிறது.
சட்டம் சட்டம்தானே, உங்களுக்குத் தெரியாததா.
குத்தலாகச் சொல்லவில்லை.
பையன் எப்படிச் சொன்னானோ,
காது மடல் சிவந்துவிட்டது அவருக்கு.

வெளியே அசனம்.
மூவாயிரம் பேர், முப்பது செம்பு,
ஆட்டுக்கறி மணம் சர்ச் மணிக்கூண்டு வரைக்கும்.
டோக்கன் எங்கே வாங்கணும் என்று கேட்டாராம்.
பந்தி முழுக்கச் சிரிப்பு.
"ஏல, தள்ளி இரி,
பொன்னுத்துர மவன் உக்காரட்டு."
உட்கார்ந்தார். மணிக்கட்டில் குழம்பு வழிய
கையால் பிசைந்து தின்றார்.
மறுசோறு கேட்டு வாங்கினார்.
பேரேட்டைப் படம் எடுக்கவா என்றான் பையன்.
தலையை ஆட்டினார், வேண்டாம்.

நவம்பரில் ஜெயித்தார்.
அறுநூற்றுச் சொச்சம் ஓட்டு.
வாலிபர் சங்கப் பையன்கள் வெடி போட்டார்கள்,
எதற்கென்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது.

வெற்றிப் பேச்சைப் போனில் பார்த்தேன்.
"என் அப்பா ஒரே ஒரு பெட்டியோடு வந்தார்"
என்றார்.
அடுத்த வரிக்குக் காத்திருந்தேன்.
தண்ணீர் குடித்தார்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
வேலியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.